ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம்: ஜெர்மனியில் சின்ன ஊரில் படிப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் முதுகலை சேர்ந்தேன். கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இந்தியக் கடை எதுவும் கிடையாது. சொந்த ஊர் பாளையங்கோட்டை.

வந்த புதிதில் எல்லாமே புதுசாக இருந்ததால் சாப்பாடு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நவம்பர் பிறந்து நாலு மணிக்கே இருட்ட ஆரம்பித்த பிறகுதான் தேட ஆரம்பித்தது. மதியம் மாணவர் உணவகத்தில் அவித்த உருளைக்கிழங்கு, மேலே ஒரு வெள்ளைக் குழம்பு, ஓரமாகக் கொஞ்சம் காய். சுத்தமாக இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது, வயிறும் நிறைகிறது. ஆனாலும் அறைக்குத் திரும்பும்போது இன்னும் சாப்பிடாத மாதிரியே இருக்கிறது. ராத்திரி ரொட்டியும் சீஸும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. வகுப்பில் மூன்றாவது மணி நேரத்துக்கு மேல் காதில் எதுவும் விழுவதில்லை.

அதிகமாகத் தேடுவது சொதி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைப்பது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூட இஞ்சிப்பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். எங்கள் வீட்டில் கல்யாணம் கார்த்திகை என்று காத்திருக்காமல் நினைத்தபோதெல்லாம் ஆச்சி வைத்துவிடுவாள்.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். இந்தியக் கடை இல்லாத ஊரில் சொதிக்கு வழி உண்டா? மாவு அரைத்து வைத்தால் பொங்குவதே இல்லை, என்ன செய்வது? அம்மா நெய், அல்வா, கறிவேப்பிலை எல்லாம் பார்சல் போடுகிறேன் என்கிறாள், போடச் சொல்லலாமா? இது கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடுமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

தம்பி, நான் கிழக்கு ஜெர்மனியிலேயே சாக்சனி மாநிலத்தில் படித்தவன். முதலில் சொதிக்கு வருகிறேன், ஏனென்றால் அது நிச்சயம் நடக்கும்.

உங்கள் ஊரில் வியட்நாம்காரர் கடை ஒன்று இருக்கிறதா பாருங்கள். கிழக்கு ஜெர்மனியில் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். பழைய கிழக்கு ஜெர்மனி 1980இல் வியட்நாமுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு ஆலை வேலைக்கு ஆள் எடுத்தது. பெர்லின் சுவர் விழுந்தபோது சுமார் 60,000 பேர் இங்கே இருந்தார்கள். ஆலைகள் மூடியதும் வேலை போய், ஊருக்குத் திரும்பாமல் தங்கியவர்களில் நிறையப் பேர் காய்கறிக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை என்று சொந்தமாக ஆரம்பித்தார்கள். நமக்கு அது பெரிய உதவி. அவர்கள் சமையலும் அரிசி, தேங்காய், புளி, பச்சைமிளகாய், பாகற்காய் என்று நம் பக்கத்துச் சமையல்தான்.

அந்தக் கடையில் தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு இருக்கும். அவர்கள் பலகாரத்துக்கு வாங்குவார்கள். தேங்காய்ப்பால் டப்பாவில் தேங்காயும் தண்ணீரும் மட்டும் போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். முருங்கைக்காய் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் நூக்கோல் இருக்கும், இங்கே கோல்ராபி என்பார்கள். இளசாக வாங்கி விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டால் சொதிக்கு நன்றாகவே பொருந்துகிறது. சின்ன வெங்காயத்துக்கு ஷாலட். சீரகம் வாங்கும்போது மட்டும் க்ரொய்ட்ஸ்கும்மல் என்று எழுதியதை எடுங்கள். வெறும் கும்மல் என்பது வேறு விதை, குழம்பின் வாசனையே மாறிப்போகும்.

டப்பாவில் கால் பங்கு பாலை எடுத்து நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள், அதுதான் உங்கள் இரண்டாம் பால். வெங்காயம், பூண்டு வதக்கி, காயை அந்த நீர்ப்பாலில் வேகவிடுங்கள். இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேருங்கள். குழைய வேகவைத்த பருப்பை ஊற்றி ஒரு கொதி. அப்புறம் மீதி முக்கால் டப்பாவையும் விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். இங்கே கண்ணாடி அடுப்பில் தட்டு ரொம்ப நேரம் சூடாகவே இருக்கும், அடுப்பை அணைத்தால் போதாது, பாத்திரத்தை நகர்த்தி வையுங்கள். எலுமிச்சை கொஞ்சம் ஆறின பிறகு. சூட்டோடு பிழிந்தால் திரிந்துவிடும்.

இஞ்சிப்பச்சடிக்குப் புளியும் அந்தக் கடையிலேயே கிடைக்கும். வெல்லத்துக்கு அங்கே பனஞ்சர்க்கரை வில்லைகள் வைத்திருப்பார்கள். கருப்பட்டி தின்று வளர்ந்த உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

---

மாவுப்புளிப்பு எழுதியது:

மாவு பொங்காததற்குக் காரணம் குளிர்தான். நான் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இட்லி மாவைப் பொங்க வைப்பது லூக்கோனோஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. இதை 1965இல் வெளியான ஓர் ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். உளுந்திலேயே அது இருக்கிறது, ஊறவைத்து அரைத்ததும் பெருகி வாயுவை விடுகிறது, மாவு எழும்புகிறது. 28, 30 டிகிரி அதற்குச் சுகமான சூடு. நம் ஊரில் சமையலறை மேடையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். இங்கே மாணவர் விடுதியில் குளிர்காலத்தில் 19, 20 டிகிரி. ராத்திரி வைத்துக் காலையில் பார்த்தால் வைத்த மாதிரியே இருக்கும், அதைப் பார்த்து மனசு விட்டுப்போகிறது.

ஓவன் இருந்தால் உள்விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள். ஓவனைச் சூடேற்றாதீர்கள், அதன் குறைந்த சூடே 50 டிகிரி, அதில் பாக்டீரியா பிழைக்காது. ஓவன் இல்லையென்றால் ஐஸ்கிரீம் வாங்கிவரும் வெள்ளிக் காகிதப் பை ஒன்றில் மாவுப் பாத்திரத்தை வைத்து, பக்கத்தில் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றை வைத்து மூடுங்கள். தூங்கப் போகும்போது ஒரு தடவை வெந்நீர் மாற்றினால் போதும். 14, 15 மணி நேரம் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

உளுந்தை முதலில் தனியாக, ஜில்லென்ற தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். மிக்சி சூடானால் உளுந்து காணாது. ஊரிலிருந்து மிக்சி கொண்டு வர யோசிப்பவர்களுக்கு: மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு, எர்த் உள்ள அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசிக்குப் பெரிய ஊருக்குப் போகும்போது இட்லி அரிசி ஒரு மூட்டை வாங்கி வாருங்கள், உளுந்தும் அப்படியே. தோசைக்கு மட்டும் என்றால் சூப்பர்மார்க்கெட்டில் புழுங்கல் அரிசி 'பார்பாயில்ட்' என்று போட்டே விற்கிறார்கள், அது போதும்.

இன்னொன்று. எரித்திரியா, எத்தியோப்பியா நாட்டு மாணவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்கள் வீட்டு இஞ்ஜெரா ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். டெஃப் என்ற தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பது. கையால் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதல் வாயிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோசையும் இல்லை ஆப்பமும் இல்லை, ஆனால் நாக்கு தேடிய புளிப்பு அதில் இருந்தது.

---

நொய்யல் எழுதியது:

எல்லோரும் நல்ல யோசனைதான் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தம்பி தப்பாக எடுத்துக்க வேண்டாம்ங்க.

விசாவுக்காக முடக்கிய கணக்கில், அதாவது மாசாமாசம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறோம். மாசம் 992 யூரோதான் கையில் வரும். அதில் வாடகை, காப்பீடு போனால் மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். முதல் பருவத்தில் பாடமும் புரியாமல் மொழியும் வராமல் திணறும்போது, உளுந்துக்காகப் பெரிய ஊருக்கு ரயில் ஏறுவதும், மாவுக்கு வெந்நீர் மாற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் இந்த ஊர்ச் சாப்பாட்டோடு கொஞ்சம் பழகுங்கள்.

ஜெர்மன் சாப்பாடு என்றால் அவித்த உருளைக்கிழங்கு மட்டும் இல்லைங்க. ரொட்டி சுடும் மரபை 2014இல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் வருவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் பேக்கரியில் ரை என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட கருப்பு ரொட்டியை வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். வெண்ணெய் தடவி, மேலே அம்மா கொடுத்த பருப்புப்பொடியைத் தூவிச் சாப்பிடுங்கள். அந்தப் புளிப்புக்கும் பொடிக்கும் அவ்வளவு பொருத்தம். குளிர்காலத்தில் பயறு போட்டுக் கெட்டியாக வைக்கும் சூப், உருளைக்கிழங்கைத் துருவித் தோசைக்கல் மாதிரி சட்டியில் சுடும் அடை, இதெல்லாம் நம் வாய்க்கு ஒத்துவரும்.

எனக்கு இரண்டாம் வருஷம்தான் இந்த ருசியெல்லாம் பிடிபட்டது. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்.

---

ஆஹன்_மாணவி எழுதியது:

நொய்யல் அண்ணா, நீங்கள் சொன்ன ரொட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் எடை குறைந்து, வகுப்பில் உட்கார முடியாமல் இருக்கிற பையனிடம் முதலில் பழகிக்கொள் என்றால் அவன் இன்னும் இரண்டு மாசம் பட்டினியாகத்தான் இருப்பான். பசியோடு இருக்கிறவனுக்குப் புது ருசி ஏறாது.

எனக்கும் முதல் குளிர்காலம் இப்படித்தான் போனது. அப்போது எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் இருந்தவரை இன்றைக்கு என்ன சாப்பிடுவது என்று நான் யோசித்ததே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தட்டில் இருக்கும். பிடிக்காத கீரை என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்வேன், அவ்வளவுதான் என் பங்கு. இங்கே என்ன சமைப்பது என்று யோசித்து, கடைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று நினைவு வைத்து, தூக்கி வந்து, வெட்டி, சமைத்து, பொது அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் எதிரே சுவர். அந்த நேரத்தில் சாம்பார் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் இறங்காது. தம்பி ஏங்குவதில் பாதி சொதிக்கு என்றால் மீதி பாதி ஆச்சிக்கு.

அதனால் நாங்கள் முறை வைத்தோம். எங்கள் தளத்தில் ஒரு வங்காளிப் பெண், ஒரு ஈரானியர், ஒரு ஜெர்மன் பையன், நான். வாரத்தில் ஆளுக்கு ஒரு ராத்திரி. சமைக்கிறவர்தான் முடிவு செய்வார், மற்றவர்கள் கேள்வி கேட்காமல் வந்து உட்கார வேண்டும். வங்காளிப் பெண் கடுகெண்ணெயில் மீன் செய்வாள். ஈரானியர் சோற்றின் அடிக்காந்தலைப் பொன்னிறமாக எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைப்பார், அதற்குச் சண்டையே நடக்கும். ஜெர்மன் பையன் நூடுல்ஸ் மாதிரி ஒன்றும் பயறும் சேர்த்து அவன் பாட்டி செய்முறையில் வைப்பான், தென்மேற்கு ஜெர்மனியில் ஷ்வாபன் பக்கத்துச் சாப்பாடு. என் முறையில் பெரும்பாலும் ரசம், உருளைக்கிழங்கு வறுவல்.

மூன்று ராத்திரி எனக்காக வேறொருவர் அடுப்பில் நிற்கிறார் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் நம் ஊர்ச் சமையல் செய்யவில்லை. ஆனாலும் நான் அந்த மூன்று நாளும் தட்டு நிறையச் சாப்பிட்டேன். உங்கள் விடுதியில் சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிப் பாருங்கள். உங்களை மாதிரியே கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியை மெல்லுகிறவர் பக்கத்து அறையிலேயே இருக்கலாம்.

---

கடலோரம் எழுதியது:

பார்சல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் தூத்துக்குடி, இந்த விஷயத்தில் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தவன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இறைச்சியும் பாலும் அவற்றில் செய்ததும் தனி ஆள் கொண்டு வரக் கூடாது. பெட்டியில் வந்தாலும் தபாலில் வந்தாலும் ஒரே சட்டம்தான். எனவே நெய் வேண்டாம், பால்கோவா வேண்டாம். அல்வாவில் நெய் வழியுமே, அதையும் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த பார்சல் ஒன்றைப் பிரித்து, நெய்ப் பாட்டில் இருந்ததற்காக மொத்தத்தையும் அழித்துவிட்டதாகக் கடிதம் மட்டும் வந்தது. அதில் அம்மா கையால் உருட்டிக் காயவைத்த கூழ்வற்றலும் இருந்தது. நெய்க்கு இங்கேயே வழி இருக்கிறது. எல்லாக் கடையிலும் புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று உருக்கிய வெண்ணெய் விற்கிறார்கள். வாங்கி, ஒரு பிடி முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ போட்டு மறுபடி லேசாகக் காய்ச்சினால் வாசனை வந்துவிடும்.

பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை. 2019 டிசம்பர் 14 முதல் பச்சையான காய், பழம், இலை எதுவானாலும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியான் இந்த 5 மட்டும் விலக்கு. அதற்காகத் தேங்காய்க்குப் பதில் கொப்பரையைக் கட்டி அனுப்பிவிடப் போகிறார்கள், விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். தானாகத் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று வகை பிரித்திருக்கிறார்கள்.

அனுப்பக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ரசப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், அப்பளம், புளி, பெருங்காயம். தனி ஆள் தனி ஆளுக்கு அன்பளிப்பாக அனுப்பினால் 45 யூரோ மதிப்பு வரை சுங்க வரி கிடையாது. வெளியே ஒட்டும் தாளில் 'உணவுப் பொருள்' என்று மொட்டையாக எழுதாமல் ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொடிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மீனுக்குக் கணக்கே தனி. குடல் நீக்கியதாக 20 கிலோ வரை கொண்டு வரலாம். கருவாடு தாராளமாக வரும்! நான் ஒவ்வொரு தடவையும் நெத்திலியும் சாளையும் மூன்று உறை போட்டுக் கொண்டு வருகிறேன். பொது சமையலறையில் வறுப்பதற்கு முன் தளத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். தேர்வு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கு இல்லை. நமக்கு உயிரான வாசனை அடுத்தவருக்கு வேறு மாதிரி இருக்கும், அது நியாயம்தான். ஆனால் கேட்டால் பெரும்பாலும் சரி என்கிறார்கள்.

---

ரூர்_அக்கா எழுதியது:

தம்பி, நான் ஈழத்தமிழ், பிறந்து வளர்ந்தது மேற்கு ஜெர்மனியில் ரூர் பகுதி, டோர்ட்மண்ட் பக்கம். உங்கட பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் பிள்ளை, புட்டு அவிக்கத் தெரியுமோ எண்டு கேள்" என்றா. அதுதான் எழுதுகிறேன்.

அப்பா 1984இல் வந்தவர். அகதி முகாமில் இருந்த காலத்தில் தங்கியிருந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவே அனுமதி எடுக்க வேணும். அரிசி, மிளகாய்த்தூள் வாங்க வேறு நகரத்துக்குப் போவது லேசான காரியம் இல்லை. பாரிஸில் லாஷப்பலில் எங்கட ஆட்கள் கடை திறந்த பிறகு, அங்கே இருந்து யாராவது வந்தால் ஒரு போத்தல் தூள் கொண்டு வருவார்கள். யாழ்ப்பாணத்து வறுத்த தூள். அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து அறைக்கு அறை கொடுப்பார்களாம். இப்ப ரூர் பக்கம் தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை. ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), சிவப்பரிசி மா, உறைந்த முருங்கைக்காய், வாராவாரம் புதுக் கறிவேப்பிலை எல்லாம் இருக்கு. முறைப்படி சான்றிதழோடு இறக்குகிறார்கள். வாங்கிப் போனால் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கோ, மாதக் கணக்கில் இருக்கும்.

புட்டுக்கு இந்தக் கடை எதுவும் தேவையில்லை. சூப்பர்மார்க்கெட்டில் சாதாரண வெள்ளைக் கோதுமை மா வாங்குங்கோ, பைக்கற்றில் 405 எண்டு போட்டிருக்கும். மெல்லிய துணியில் கட்டி, ஆவியில் அரை மணித்தியாலம் அவியுங்கோ. எடுக்கும்போது கட்டியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சூட்டோடையே உடைத்து அரிதட்டில் அரித்துவிட வேணும், ஆறினால் கல்லாகிவிடும். இதை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் கன நாளைக்குக் கிடக்கும். வேணும் எண்டபோது உப்புத் தண்ணி தெளித்து, கரண்டிக் காம்பால் கொத்திக் கொத்திச் சிறு மணியாக்கி, தேங்காய்ப்பூ (துருவின தேங்காய்) கலந்து திரும்ப அவிக்கிறதுதான். குழல் இல்லாவிட்டால் மக்கரோனி வடிக்கிற வடியில் வைத்து மூடி அவிக்கலாம். பல்கலைக்கழகத்தால் களைத்து வந்த அன்றும் கால் மணித்தியாலத்தில் ஆகிவிடும். வெங்காயம், செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) போட்டு ஒரு சம்பல் இடித்தால் வேறு கறி கேட்காது. அந்தச் சொதியை இதுக்கு விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கோ. எங்களுக்கும் சொதி இருக்கு தம்பி. உங்கட சொதி மாதிரி விருந்துச் சாப்பாடு இல்லை, இடியப்பத்துக்கு நாளாந்தம் வைக்கிறது, பருப்பும் போடுவதில்லை.

கோடையில் ஹம் ஊர்க் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வாருங்கோ. 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், கோபுரம் தூரத்திலேயே தெரியும். தேர் அன்று ஆயிரக்கணக்கில் சனம் வரும், வெளியே நிறையக் கடை போடுவார்கள். மாணவர் பயணச்சீட்டு நாடு முழுக்கச் செல்லும் எண்டால் உள்ளூர் ரயிலிலேயே மாறி மாறி வந்துவிடலாம், நேரம்தான் கூட.

---

தாமிரபரணி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்கா, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வியட்நாம் கடை ரயிலடிக்குப் பின்னாலேயே இருக்கிறது, இத்தனை நாள் பூக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், நூக்கோல் எல்லாம் வாங்கிவிட்டேன். கடைக்கார அம்மா நான் இஞ்சியை முகர்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் புதுசாக ஒன்று கொண்டு வந்து கொடுத்தார்.

இப்போது வேறு பயம். தாளிக்கும்போது புகை எச்சரிப்பு மணி அடிக்குமா? விடுதியில் ஏற்கெனவே ஒரு தடவை ராத்திரியில் யாரோ ரொட்டியைக் கருக்கி, மொத்தக் கட்டடமும் பனியில் வெளியே நின்றது.

---

மூன்றாம்மாடி எழுதியது:

அடிக்கும், கவனமாக இல்லாவிட்டால். கண்ணாடி அடுப்பு மெதுவாகச் சூடாகி, அப்புறம் ஒரேயடியாக ஏறும். எண்ணெய் புகையும் வரை விட்டுவிட்டுக் கடுகைப் போடுவதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். சின்னச் சட்டியில் எண்ணெய் காயும் முன்பே இரண்டு கடுகைப் போட்டு வையுங்கள். அவை வெடித்ததும் மீதியைப் போட்டு, உடனே சட்டியைத் தட்டிலிருந்து தூக்கிவிடுங்கள். கறிவேப்பிலையும் மிளகாயும் சட்டியில் இருக்கும் சூட்டிலேயே பொரியும். ஜன்னலைத் திறந்து, நடைபாதைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மணி பெரும்பாலும் நடைபாதையில்தான் இருக்கும்.

மணி மேல் துணியோ உறையோ போட்டு மூடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நிஜமாகத் தீப்பிடித்தால் தூங்குகிறவர்களுக்குத் தெரியாமல் போகும். தீயணைப்பு வண்டி வந்து போன செலவும் நம் தலையில் விழலாம்.

---

நொய்யல் எழுதியது:

ஆஹன் மாணவி சொன்னதைப் படித்தேன்ங்க. முறை வைத்துச் சமைப்பது நல்ல ஏற்பாடு, காசும் மிச்சம். ஆனால் என் கருத்தில் மாற்றமில்லை. வாரத்தில் ஓரிரு நாள் நம் சமையல், மற்ற நாளில் இந்த ஊர்ச் சாப்பாடு என்று வைத்தால்தான் தேர்வு நேரத்தில் தாக்குப்பிடிக்க முடியும். தம்பி, சமைக்கிற ராத்திரியில் சோற்றைக் கூடவே வடித்து, ஆறினதும் தாமதிக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் தயிர்ச்சோறு.

---

மாவுப்புளிப்பு எழுதியது:

தயிர் என்றதும் ஒரு குறிப்பு. இங்கே கடையில் விற்கும் தயிரில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள வெறும் தயிரை வாங்கினால் உறைக்கு அதுவே போதும், உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறை விட்டுக் கலக்குங்கள். அதைப் பாத்திரத்தில் வைக்காமல் காப்பி கொண்டு போகும் அகலவாய் ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடுங்கள். காலையில் ஊர்த் தயிர் மாதிரிக் கெட்டியாக இருக்கும். தயிர்ச்சோற்றுக்குப் பால்சோறு செய்கிற குண்டு அரிசி எல்லாக் கடையிலும் இருக்கிறது, மில்ஷ்ரைஸ் என்று கேளுங்கள். பாசிப்பருப்போடு சேர்த்தால் வெண்பொங்கலுக்கும் அதே அரிசிதான். குழைந்து வரும்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

பொங்கல் என்றதும் கேட்கிறேன். கிழக்குப் பக்கம் இருக்கிறவர்கள் பொங்கலை ஒட்டிய சனி, ஞாயிறு லைப்சிக்கில் கூடலாமா? என் வீட்டுச் சமையலறையில் பத்துப் பேர் உட்காரலாம். மஞ்சள் கொத்து கிடைக்காது, கரும்பு வியட்நாம் கடையில் சொல்லிவைத்தால் வரும். தாமிரபரணி, நீங்கள் வந்தே ஆக வேண்டும்.

---

கடலோரம் எழுதியது:

நான் பெர்லினிலிருந்து வருகிறேன். கருவாடு கொண்டு வரலாமா?

---

மூன்றாம்மாடி எழுதியது:

சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், அவியல். ஞாயிறு கரிநாள் கணக்கு, கருவாட்டுக் குழம்பு வைத்துவிடலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அடுப்பும் சட்டியும் தனியாக வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, கத்திரிக்காயைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள், பாயும் போர்வையும் அவரவர் கொண்டு வரவும்.